ஒப்படைப்பதற்கு முன்

2014 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்புத் துறைக்கு வெளியே, நடுக்கடலில் வைத்து, 41 பேரை அவுஸ்திரேலிய அதிகாரிகள் இலங்கைக் கடற்படையிடம் கையளித்தார்கள். ஜூன் கடைசியில் கொக்கோஸ் தீவுகளுக்கு மேற்கே அவர்களுடைய படகு மறிக்கப்பட்டிருந்தது. 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர் என்று மறுநாள் குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன் அறிக்கை விட்டார். எல்லாரிடமும் கப்பலிலேயே கேட்டு முடித்தாயிற்று. ஒருவருக்கு மட்டும் மேலும் விசாரிக்கத்தக்க காரணம் இருக்கலாம் என்று தெரிந்தது. அவரும் மற்றவர்களோடு திரும்பிப் போகவே விரும்பினார். இதுதான் அந்த அறிக்கையின் சாரம். கடலில் வைத்து இவ்வளவு விரைவாக நடத்திய விசாரணை போதுமா என்று ஐ.நா. அகதிகள் ஆணையகம் கவலை தெரிவித்தது. காலி நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது, ஆட்களைக் கூட்டிச் சென்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ஐவர் விளக்கமறியலுக்குப் போனார்கள், 27 பேருக்குப் பிணை கிடைத்தது, ஒன்பது சிறுவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். புகலிடம் கேட்கப் புறப்பட்டவர்கள் முதன்முதலாக ஒரு நீதிமன்றத்தைக் கண்டது, எந்த நாட்டை விட்டுப் போனார்களோ அந்த நாட்டில், குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக.

ஆரையம்பதி பெரும்பாலும் சைவர்களின் ஊர். அகதிகளைப் பற்றி வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் நடத்தும் வேத வழக்கு நமக்கெதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் 2012இல் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் படகில் அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். அந்தப் படகுகள் புறப்பட்ட கரைகளில் கிழக்குக் கரையும் ஒன்று. அவர்களுக்கு எதிராகக் கதவைச் சாத்திய மொரிசன், 2008இல் பாராளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையிலேயே தன் விசுவாசத்தைப் பற்றி விரிவாகப் பேசியவர், பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அவருடைய தொகுதி அலுவலகத்தில் 2014 மார்ச்சில் உட்கார்ந்து ஜெபம் செய்து கைதானவர்களும் கிறிஸ்தவர்களே. நான்கு ஆண்டுகள் கழித்து, எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொள்கைக்குச் சார்பாக அமெரிக்கச் சட்டமா அதிபர் ஜெஃப் செஷன்ஸ், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைக் காட்டினார். 2025இல் துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ், அன்புக்கு ஒரு வரிசை உண்டு, குடும்பமும் நாடும் முதலில் வரும் என்று வாதிட்டார். அடுத்த மாதமே பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்த வரிசையை நல்ல சமாரியன் கதையைக் கொண்டு திருத்தினார். இந்த வழக்கில் சாட்சியாக அல்ல, பொருளாகவே நம்மவர்கள் நிற்கிறார்கள். ஆகவே வழக்கு என்னவென்று தெரிந்துகொள்வதில் தவறில்லை.

வழக்கமாக இது சட்டத்துக்கும் இரக்கத்துக்கும் இடையிலான சண்டையாகவே சொல்லப்படுகிறது. ஒரு தரப்பு ரோமர் 13ஐ எடுக்கும், மறுதரப்பு அந்நியனை நேசிக்கச் சொல்லும் லேவியராகமத்தையும் மத்தேயு 25ஐயும் எடுக்கும். இப்படி வசனத்துக்கு வசனம் எறிந்துகொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் தீராது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்ன அதே பவுல் அதிகாரத்தின் முன் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தால் விடயம் வேறாகிறது. எருசலேமில் விசாரணையில்லாமல் சவுக்கால் அடிக்கப் போனபோது, ரோமக் குடிமகனை இப்படிச் செய்ய உங்களுக்குச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டுத் தடுத்தவர் அவர். பிலிப்பியில் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்று அசையாமல் இருந்தவர். பிறகு இராயனுக்கே மேன்முறையீடு செய்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் இதைவிடக் கூரான இடமொன்று உண்டு. பவுலை ஒப்படைக்கும்படி எதிராளிகள் கேட்டபோது, குற்றஞ்சாட்டியவர்களை நேருக்கு நேர் சந்தித்துப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஒருவனை ஒப்படைப்பது ரோமர்களின் வழக்கமல்ல என்று தான் சொல்லிவிட்டதாக ஆளுநர் பெஸ்து கூறுகிறான். பெஸ்து புனிதன் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல. சாதாரண ஆட்சியதிகாரி. அவனுக்குத் தெரிந்திருந்த அளவுகூட நடுக்கடலில் ஆட்களைக் கைமாற்றிய அரசுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

சட்டத்தின் ஆட்சி என்பதற்கு எல்லா எல்லைகளும் திறந்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. கிறிஸ்தவ மறையும் அப்படிக் கேட்கவில்லை. ஒருவனை ஒப்படைப்பதற்கு முன் அவன் சொல்வதைக் கேள் என்பதே இரண்டும் கேட்பது. கோயிலில் அடைக்கலம் கொடுக்கும் பழைய மரபும் இதே ஒழுங்கைத்தான் காத்தது. எண்ணாகமம் 35 சொல்லும் அடைக்கலப் பட்டணங்கள் கொலைகாரனைத் தப்பவைக்க ஏற்பட்டவை அல்ல; சபை முன் நின்று நியாயம் கேட்கப்படும் வரைக்கும் பழிவாங்குபவன் கையில் அவன் சாகாதிருக்க ஏற்பட்டவை. இடைக்கால இங்கிலாந்தில் தேவாலயத்துக்குள் ஓடியவனுக்கு நாற்பது நாள் அவகாசம் இருந்தது. அதற்குள் சரணடைய வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். முதலாம் ஜேம்ஸ் காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில், அவுஸ்திரேலியாவிலிருந்து நவுறு தீவுக்குத் திருப்பி அனுப்பப்படவிருந்த 267 புகலிடக் கோரிக்கையாளருக்காக பிரிஸ்பன் புனித யோவான் பேராலயத்தின் கதவைத் திறந்துவிடுவதாக அதன் முதல்வர் பீற்றர் கற் அறிவித்தபோது, அந்த அடைக்கலத்துக்குச் சட்டத்தில் பெரிய பலம் எதுவும் இல்லை. சட்டமீறல் என்று சிலர் கொதித்தார்கள். ஆனால் ஒளித்துவைப்பது அடைக்கலம் ஆகாது. இன்னார் இங்கே இருக்கிறார் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, நியாயம் கேட்கும் வரை பொறுங்கள் என்று கேட்பதே அடைக்கலம்.

படகுகளை நிறுத்தியதால்தான் கடலில் ஆட்கள் சாகவில்லை என்பது எதிர்த்தரப்பின் பலமான வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2010 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் மோதி உடைந்த ஒரே படகில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். கையில் இருந்த நகையும் காணியும் முகவரிடம் போய், பிள்ளையும் கடலோடு போன குடும்பத்திடம் எல்லைக் காவலைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. கடத்தல்காரரைப் பிடிப்பதும், தத்தளிக்கும் படகைக் கரைசேர்ப்பதும் அரசின் கடமை. ஆனால் கடலில் காப்பாற்றப்பட்டவனிடம் முழுமையாகக் கேட்காமல் அவனைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்த வாதம் எப்படி உதவும்? மூழ்காமல் காத்தல் ஒரு செயல், முறையாக விசாரியாமல் கையளித்தல் வேறொரு செயல். ஒரு வழியை அடைத்தவுடன் ஓட்டமும் நின்றுவிடவில்லை. 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று போன ஈழத்தமிழர் படகொன்று தத்தளித்து, பிரித்தானிய வசமுள்ள டியேகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே அவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில், அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறியவர்கள் படகில் வந்தவர்கள் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. நீதிமன்றம் கேட்கத் தொடங்கியதும் மீறியது யாரென்று தெரிந்தது.

அடுத்த ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வரக்கூடியது: போகிறவர்களில் பாதிப்பேர் உழைக்கத்தானே போகிறார்கள், இதில் துன்புறுத்தல் எங்கே? உண்மை. கடனுக்காகவும் வேலைக்காகவும் படகேறியவர்கள் ஏராளம். அந்த 41 பேரில் 37 பேர் சிங்களவர் என்பதும் அதைத்தான் காட்டுகிறது என்று சொல்வார்கள். அப்படியென்றால் விசாரணை இன்னும் அதிகம் தேவை. உழைக்கப் போனவன் யார், உயிருக்குப் பயந்து போனவன் யார் என்று பிரித்தறிய வேறு வழியில்லை. முறையாகக் கேட்டு, மேன்முறையீட்டுக்கும் இடம் கொடுத்து, காரணம் போதாது என்று கண்டபின் ஒருவரைத் திருப்பி அனுப்புவது கிறிஸ்தவத்துக்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. இதைச் சொன்னால் அகதிகளுக்காகப் பேசும் நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

பாராளுமன்றம் இயற்றிய சட்டம், நீதிமன்றம் ஏற்ற சட்டம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2014 ஜூனில் பாண்டிச்சேரியிலிருந்து போன 153 பேரை ஒரு மாதமளவு கப்பலில் அடைத்துவைத்தது சட்டப்படி சரி என்று 2015 ஜனவரியில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் கூறியது உண்மைதான். நான்கு நீதியரசர்கள் அப்படிச் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். ஆனால் இந்தப் பாடத்தை ஈழத்தவர் கன்பராவில் போய்ப் படிக்கத் தேவையில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் பாராளுமன்றம் இயற்றியதுதான். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொண்டுவா என்று, பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் கேட்டது அந்தச் சட்டம். 1953இல் பிரித்தானியக் கோமறைக் கழகமும் அதன் வழிவந்த வாக்காளர் சட்டத்தில் பிழையில்லை என்றது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அன்று அதை எதிர்த்து நின்று, அரசில் சேர்ந்த பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களின் தலைவர் செல்வநாயகம். கிறிஸ்தவர், அதிலும் நீதிமன்றமே வாழ்க்கையாக இருந்த சட்டத்தரணி. அதிகாரத்தை மதிக்கும் சபையில் வளர்ந்த அவருக்கு, நிறைவேறிய சட்டத்துக்கும் நீதியான சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தவறைத் திருத்த 2003வரை பல சட்டங்கள் தேவைப்பட்டன.

இதையெல்லாம் வெளிநாட்டு அரசுகளைப் பார்த்துச் சொல்வது சுலபம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்ட பிறகு, அந்தக் குண்டுகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பாகிஸ்தான் அகதிகள் நீர்கொழும்பில் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள்; அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், விரட்டிய ஊரோ கத்தோலிக்கர் நிறைந்த ஊர். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஒரு படகில் முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, மீனவர்களும் ஊர்ச்சனமும் உணவு கொடுத்தார்கள். கப்பல் உடைந்து வந்த பவுலுக்கு மெலித்தாத் தீவார் தீ மூட்டிக் குளிர் போக்கியதைப் போன்ற செயல் அது. அதற்குப் பிறகு அரசின் முறை வந்தது. படகை ஓட்டியவர்கள் என்று 12 பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள், மற்றவர்கள் முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திருப்பி அனுப்பும் பேச்சும் எழுந்தது. அதை எதிர்த்து முல்லைத்தீவில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை இன்னும் கையெழுத்திடவில்லை. நம்மிடம் இருப்பது 1948இன் குடிவரவு குடியகல்வுச் சட்டம். புகலிடம் கேட்டு வருபவனை யார், எங்கே, எத்தனை நாளுக்குள் விசாரிப்பது என்ற ஒழுங்கு அதில் இல்லை. சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய இடத்துக்கு எவரையும் அனுப்புவதில்லை என்ற கடப்பாட்டை 1994இல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் சேர்ந்தபோதே இந்த நாடு ஏற்றது. அதைக் கொண்டு சில பிரிவுகளில் ஒரு விசாரணை முறையை எழுதிவிடலாம். கிழக்கின் ஆயர்களும் போதகர்களும் இந்த ஒன்றைப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதற்கு எந்த வேத வழக்கும் தீர்ந்து முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.