ட்ரான்ஸ்ஃபரில் வந்த ராணி!

உங்கள் ஆபீஸுக்குப் புது மேனேஜர் வருகிறார். என்ன செய்வீர்கள்? வாசலில் மாலை போட்டுவிட்டு, கேன்டீனில் போய் 'ஆள் எப்படிப்பா?' என்று விசாரிப்பீர்கள். தேனீக்களுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வெளியூர் ராணியை நேராகக் கூட்டுக்குள் விட்டால், பந்து மாதிரி சுற்றி மொய்த்து, உஷ்ணத்திலேயே தீர்த்துக்கட்டிவிடும்!

இந்த விஷயமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். காற்று வாங்கப் போனால் பாடம் நடத்தாமல் அனுப்பமாட்டார்.

"தம்பி, பெட்டிக்கு ஒரே ராணிதான். அவ வாசனைதான் அந்தக் கூட்டுக்கே ரேஷன் கார்டு. வாசனை மாறினா வெளியாள்!"

"அப்ப ராணியை மாத்தவே முடியாதா சார்?"

"ஏன் முடியாது? மிட்டாய் கொடுத்து மயக்கணும்!"

நிஜமாகவே மிட்டாய்தான். முதலில் பழைய ராணியை எடுத்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் 'அம்மாவைக் காணோம்' என்று கூடு முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு புது ராணியைத் தீப்பெட்டி சைஸ் வலைக்கூண்டில் போட்டு, சட்டங்களுக்கு நடுவே செருக வேண்டும். கூண்டு வாசலை அடைத்திருப்பது, பொடித்த சர்க்கரையைத் தேனில் பிசைந்த உருண்டை. வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்று வழி திறக்க இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் வாசனை பழகி, விரோதம் போய்விடும்.

வாத்தியாரின் ராணி கிழடாகி, முட்டை குறைந்துவிட்டது. அப்படியே விட்டால் பெட்டி காலி. கொல்லிமலைப் பக்கத்திலிருந்து மலை ரக ராணி ஒன்றை வரவழைத்தார். ஆறாம் நாள் பெட்டியைத் திறந்தோம். அறைக்கு ஒன்றாக, ஊசிமுனை மாதிரி வெள்ளை முட்டைகள்! வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டுவிட்டதாம்!

இந்த வித்தையின் உச்சகட்டம் 1962-ல் நடந்தது. இடம், நக்ரோட்டா பக்வான். அன்று பஞ்சாப், இன்று இமாசலப் பிரதேசம். இத்தாலியத் தேனீயை இந்தியாவில் குடியேற்ற அதற்கு முன் பலர் முயன்று தோற்றிருந்தார்கள். பேராசிரியர் அத்வால் குழுவினர், வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலிய ராணிகளை நம்மூர் இந்தியத் தேனீக் கூட்டங்களில் சேர்த்தார்கள். இது ரகம் மாறுவது இல்லை, இனமே வேறு! இரண்டுக்கும் கலப்பு வாரிசு பிறக்காது. ஆனாலும் நம்மூர்த் தேனீக்கள் அந்நிய ராணிக்குத் தாதிகளாகி, அவள் பிள்ளைகளை ஊட்டி வளர்த்தன.

என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? இத்தாலிய முட்டை, வேலைக்காரத் தேனீயாக 21 நாள். மும்முரமான சீசனில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சுமார் 6 வாரம். ஆக, இரண்டு இரண்டரை மாதத்தில் பழைய ஸ்டாஃப் பூராவும் அவுட். கூட்டில் இருப்பதெல்லாம் புது ராணியின் மக்கள். ஒருத்தரைக்கூட டிஸ்மிஸ் செய்யாமல் கம்பெனி கைமாறிவிட்டது!

வரவு? இத்தாலியத் தேனீ பெட்டிக்கு அதிகத் தேன் தரும். பஞ்சாப், ஹரியானாவில் அதன் ராஜ்யம்தான். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்து கேரளா, கன்னியாகுமரிப் பக்கம் இந்தியத் தேனீப் பெட்டிகள் காலியானபோது, தெற்கேயும் பலர் இத்தாலிக்கு மாறினார்கள்.

செலவு? வரோவா என்றொரு உண்ணி. நம்மூர்த் தேனீக்கு அது பரம்பரைப் பகை; தானே பிடித்து எறிந்து சமாளித்துவிடும். இத்தாலிக்காரிக்கு நாம்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

"உங்களுக்கு ஒரு இத்தாலி ராணி சொல்லட்டுமா சார்?" என்றேன்.

"வேணாம் தம்பி. அது வியாபாரத்துக்கு. நம்ம கே.கே. நகர் முருங்கைப் பூவுக்கும் வேப்பம் பூவுக்கும் கொல்லிமலைக்காரியே போதும்!"