கழனிக்குப் போட்ட உரம் தொட்டிலுக்கு வரலாமா?



"பயிரு கொஞ்சம் வெளுத்தாப்புல இருக்குது. இன்னும் ஒரு மூட்டை யூரியா வீசிட்டா கரும்பச்சையா எழும்பிடும்" என்று சொல்லிக்கொண்டே கணவர் கடைக்குப் புறப்படுகிறார். அதே வேளையில் மனைவி, மூன்று மாதக் குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்பதற்காகக் கழனிக் கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைக்கிறார். "நல்லாக் கொதிக்கட்டும், அப்பத்தான் சுத்தமாவும்" என்பது அவர் நினைப்பு.

இருவரும் நல்லதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவர் வீசப்போகும் அந்த ஒரு மூட்டைக்கும், இவர் கொதிக்கவைக்கும் இந்த ஒரு சொம்புத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு. அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

நம் மாவட்டத்துத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023-ஆம் ஆண்டு நாடு முழுவதும் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் எடுத்துச் சோதித்தது. அதன் அறிக்கை 2024-இல் வெளிவந்தது. நைட்ரேட் என்னும் உப்பு மிகுதியாக உள்ள 15 மாவட்டங்களை அந்த அறிக்கை தனியாகச் சுட்டிக் காட்டியது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது நம் விழுப்புரம் மாவட்டம். தமிழ்நாட்டில் எடுத்த நீர் மாதிரிகளில் 100-க்கு 37-க்கு மேல் அளவு மீறியிருந்தன.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்பது இந்திய அரசின் தர அளவு. இதனால் நம் ஊர்க் கிணறுகள் எல்லாமே கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டாம். ஒரு கிணறு நல்லதாக இருக்கும், கூப்பிடு தூரத்துக் கிணற்றில் அளவு மீறியிருக்கும். இதற்கு நிறமில்லை, நாற்றமில்லை, உவர்ப்பும் தெரியாது. "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணிதான்" என்பது போதாது. பாட்டன் காலத்தில் யூரியா மூட்டை ஏது?

உரம் கிணற்றுக்கு வந்த வழி

நெல்லுக்கும் கரும்புக்கும் தழைச்சத்து வேண்டும். யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோ தழைச்சத்து. நாம் போடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் நெற்பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒரு பங்கு காற்றில் போகிறது. ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்குகிறது. இந்த நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளாது. மழையோ பாய்ச்சலோ அதை அடித்துக்கொண்டு கீழே போய் ஊற்றில் சேர்த்துவிடும்.

உரம் மட்டுமே குற்றவாளி அல்ல. கிணற்றோரம் குவித்த சாணிக்குப்பை, பக்கத்திலேயே தோண்டிய கக்கூஸ் குழி, மாட்டுக் கொட்டகைக் கழிவு எல்லாவற்றிலிருந்தும் இதே நைட்ரேட்தான் இறங்குகிறது. இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்களும் இதே துன்பத்தைப் பட்டவர்கள். அங்கே சுண்ணாம்புக் கல் நிலம். தோட்டத்து உரமும் வீட்டுக் குழிக் கழிவும் சீக்கிரமே கிணற்றில் இறங்கிவிடுகின்றன.

பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாதது குழந்தையை ஏன் தாக்குகிறது?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் புளிப்பு குறைவு. அதனால் அங்கே கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. அது இரத்தத்தில் கலந்தால், உயிர்க்காற்றைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள் சுமக்க முடியாமல் போகிறது. பெரியவர்களின் உடம்பு இதைச் சரிசெய்துகொள்ளும். பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

அப்போது குழந்தையின் உதடு, நகம், தோல் நீலம் பாரிக்கும். மூச்சு இளைக்கும். சோர்ந்து கிடக்கும், பால் குடிக்காது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் அயோவா என்ற விவசாயப் பகுதியில் ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர் 1945-இல் இதை முதன்முதலாக எழுதினார். அந்தக் குழந்தைகளுக்குப் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில்தான் பால் கரைத்துக் கொடுத்திருந்தார்கள்.

குழந்தை நீலம் பாரித்தால், "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். நீலம் பாரிப்பதற்கு இருதயக் கோளாறு, நுரையீரல் சளிக்காய்ச்சல் போன்ற வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் அவசரம்தான். உடனே 108-ஐ அழையுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள். என்ன தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நைட்ரேட்டால் வந்த நோய்க்கு ஊசி மருந்து உண்டு.

தாய்ப்பாலே காவல்

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தாய் குடிக்கும் தண்ணீரில் நைட்ரேட் இருந்தாலும் அது தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே சேரும். எனவே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து வராது. "எனக்குப் பால் பத்தல" என்று நினைக்கும் தாய்மார்கள், டப்பாப் பாலுக்கு மாறும் முன் நர்சம்மாவைப் பாருங்கள். கழனி வேலைக்குப் போகும் தாய் நேரத்துக்கு வந்து பால் கொடுக்க வழி செய்வது கணவரின் கடமை, மாமியாரின் கடமையும்கூட.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கொதித்துத் தண்ணீர் சுண்டச் சுண்ட, அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும், குளோரின் போட்டாலும் அது போகாது. மருத்துவக் காரணத்தால் புட்டிப்பால் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சோதித்து நல்லது என்று தெரிந்த தண்ணீரைக் கொண்டுவந்து, அதையும் காய்ச்சி ஆறவைத்துக் கரையுங்கள்.

அப்படியானால் உரமே வேண்டாமா?

"இவ்வளவு கெடுதலாயிருந்தா உரத்தையே நிறுத்திடலாமே" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நிறுத்தினால் குழந்தைக்கு ஊட்டச் சோறு எங்கே? இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். நெல் விளைச்சல் பெரிதும் விழுந்தது, அரிசியை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். உரம் விரோதியல்ல. அளவுக்கு மீறியதும், காலம் தவறியதும்தான் விரோதி.

மிஞ்சிய யூரியா நெல்மணி ஆவதில்லை. தழை மதமதவென்று வளரும், பயிர் சாயும், புகையானும் குலைநோயும் தேடி வரும். பிறகு அதற்கு மருந்துச் செலவு வேறு.

எவ்வளவு போடலாம்?

மண்ணைச் சோதித்து, மண்வள அட்டையில் சொன்னபடி போடுவதே சிறந்தது. சோதிக்காதவர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொது அளவு இது. நம் பக்கத்துக் குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து சுமார் 48 கிலோ, மணிச்சத்து 16 கிலோ, சாம்பல் சத்து 16 கிலோ. மூட்டைக் கணக்கில் சொன்னால்:

அடியுரம்: டி.ஏ.பி. 35 கிலோ, அதோடு யூரியா 12 அல்லது 13 கிலோ.

மேலுரம்: தூர் கட்டும்போது ஒரு முறை, கதிர் உருவாகும்போது ஒரு முறை, கதிர் வெளிவரும்போது ஒரு முறை, முறைக்கு யூரியா 26 கிலோ.

பொட்டாஷ்: மொத்தம் 27 கிலோ. இதையும் நான்காகப் பிரித்துப் போடலாம்.

ஆக, ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் இரண்டு மூட்டை யூரியாதான் கணக்கு. மூன்றாவது மூட்டை கிணற்றுக்குப் போகிற மூட்டை.

"பச்சை பத்தலையே" என்று கண்ணுக்குத் தோன்றினால், இலை வண்ண அட்டையை எடுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், உங்கள் நிழலில் இலையை மறைத்துப் பத்து இலைகளை அட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஆறு இலைக்கு மேல் 4-ஆம் எண் பச்சைக்குக் குறைவாக இருந்தால் மட்டும் மேலுரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்ணே போதும். நன்றாயிருந்தால் அந்த வாரம் உரம் வேண்டாம். செலவு மிச்சம்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது உரம் வீசாதீர்கள். தண்ணீரை வடித்துச் சேறும் நீருமாக இருக்கும்போது போட்டு, மடையை அடைத்து வையுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு அல்லது கொளுஞ்சியை மடக்கி உழுதால் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

மல்லாட்டைக்கு யூரியாவை அள்ளி வீசுவது வீண். அதன் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் நம் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அவற்றுக்கு வேண்டியது 45-ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பதே. நெல்லுக்குப் பின் மல்லாட்டை அல்லது உளுந்து என்று மாற்றிப் போட்டால் நிலத்துக்கும் நல்லது.

டி.ஏ.பி. எங்கே போகிறது?

மணிச்சத்து யூரியாவைப் போல் கீழே இறங்குவதில்லை. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வருடா வருடம் போட்டதில் பயிர் எடுக்காமல் விட்டது நிலத்திலேயே சேர்ந்திருக்கும். அதனால்தான் மண் பரிசோதனை தேவை. சேமிப்பு நிறைய இருந்தால் டி.ஏ.பி.யைக் குறைக்கலாம். பாஸ்போபாக்டீரியா போட்டால் மண்ணில் கட்டிக்கிடக்கும் சத்தைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்கும்.

ஆனால் மழையில் வரப்பு உடைந்து வண்டலோடு ஓடினால், மணிச்சத்து ஏரிக்குப் போகும். அங்கே பயிருக்குப் பதில் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். பாசி அழுகும்போது தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் சாகும். திண்டிவனம், வானூர், மரக்காணம் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கழுவேலிக்குப் போகிறது. கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வரப்பைப் பலமாகக் கட்டினால் உரக்காசும் மிச்சம், ஏரியும் மிச்சம்.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியவை

1. குடிக்கும் தண்ணீரைச் சோதியுங்கள். ஊராட்சியில் பரிசோதனைப் பெட்டி உண்டா என்று கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுக்கலாம்.

2. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்.

3. கர்ப்பிணிக்கும் சோதித்த நல்ல தண்ணீரையே கொடுங்கள்.

4. குப்பைமேடு, கக்கூஸ் குழி, மாட்டுக் கொட்டகை ஆகியவை கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும்.

5. உர மூட்டையைக் கிணற்றில் அலசாதீர்கள். அலசிய தண்ணீரை மாடு குடித்தாலும் ஆபத்து.

6. உரம் வாங்கும் முன் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

முதலில் சொன்ன தம்பதி என்ன ஆனார்கள்? நர்சம்மா வந்து போன பிறகு அந்த வீட்டில் இப்படிப் பேச்சு நடந்தது:

"என்னாங்க, அந்த மூணாவது மூட்டை வேணாங்க. அந்தக் காசுக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் வாங்கலாம்."

"சரிம்மா. நீ மத்தியானம் களையெடுப்பை விட்டு வந்து புள்ளைக்குப் பால் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். கிணத்துத் தண்ணியையும் நாளைக்கே ஒரு பாட்டில்ல எடுத்துக்கினு போறேன்."

நீங்களும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பயிருக்கு அளவான உரம், பிள்ளைக்குத் தாய்ப்பால்; இரண்டும் உங்கள் இருவர் கையில்தான் இருக்கின்றன.