பத்து விதைக்கு ஒரு பரீட்சை



'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜூலை நடுவில் பிறக்கும் ஆடி, காய்கறி விதைக்க ஏற்ற மாதம். மாடியில் நான்கு தொட்டி இருந்தால்கூடப் போதும், நீங்களும் விதைக்கலாம்.

ஆனால், தினமும் தண்ணீர் ஊற்றியும் தொட்டியில் ஒன்றுமே முளைக்கவில்லை என்றால் அழுகை வரும் அல்லவா? அதனால், விதைக்கும் முன் விதைக்கு ஒரு பரீட்சை வைத்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும்தான் பரீட்சையா என்ன!

வெண்டை விதையில் 10 எண்ணி எடுங்கள். ஈரத் துணியில் பரப்பி, மடித்து, ஒரு கிண்ணத்தில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது முளைவிட்டிருந்தால் நல்ல விதை. ஐந்துதான் என்றால், குழிக்கு ஒன்று போடும் இடத்தில் இரண்டாகப் போடுங்கள். ஒன்றிரண்டுதான் தேறியது என்றால், அப்பாவிடம் சொல்லி வேறு விதை வாங்குங்கள்.

கடையில் வாங்கிய விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசினாற்போல் இருந்தால் கவனம். அது பூஞ்சாணம் தாக்காமலிருக்கத் தடவிய மருந்து. வாயில் வைக்கவே கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்தது ஆழம். பெரியவர்கள்கூட இதில் கோட்டை விடுவதுண்டு. ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு குட்டிச் செடியும், அதற்கான கட்டுச்சோறும் இருக்கின்றன. மண்ணுக்கு மேலே வந்து, இலை விரித்து, வெயிலில் தானே உணவு தயாரிக்கும்வரை அந்தச் சோறுதான் அதற்குத் துணை. வெண்டை, அவரை எல்லாம் பெரிய விதை. ஓர் அங்குல ஆழத்திலிருந்தும் மேலேறி வந்துவிடும். முளைக்கீரை விதையோ கடுகைவிடச் சிறியது. அதையும் அதே ஆழத்தில் புதைத்தால், பாதி வழியிலேயே சோறு தீர்ந்துபோகும்! எனவே, கீரை விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண்ணைத் தூவினால் போதும். தண்ணீரையும் குவளையால் கொட்டாமல் கையால் தெளியுங்கள். இல்லாவிட்டால் விதையெல்லாம் ஒரே மூலைக்கு ஓடிவிடும்.

அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கொத்தமல்லியிலும் ஒரு ரகசியம் உண்டு. ஒரு மல்லி என்று நாம் நினைப்பது, ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிரியும். (பொடியாக்கிவிடாதீர்கள், பிறகு ரசத்துக்குத்தான் ஆகும்!) முளைக்கப் பத்து நாள்கூட ஆகலாம். வெந்தயம் அப்படியல்ல, மூன்று நான்கு நாளிலேயே தலைகாட்டும். முதன்முதலாக விதைப்பவர்கள் வெந்தயத்தில் தொடங்குவதே நல்லது என்பேன்.

தக்காளி, கத்தரியை ஒரு தட்டில் நாற்றாக வளர்த்து, சுமார் 25 நாளில் பிடுங்கி நடலாம். முள்ளங்கியை அப்படிச் செய்யாதீர்கள்; வேர் அடிபட்டால் கிழங்கு கோணலாகிவிடும். நேரடியாகவே விதையுங்கள்.

வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அதில் ஒரே ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். பிறகு உடைத்து, உள்ளே எத்தனை விதைகள் என்று எண்ணிப் பாருங்கள்.