பத்து சென்ட்டுக்கு இருபது பழம் போதும்! வீட்டு வாசலிலேயே தக்காளி நாற்று

தக்காளிக்கு விலை வைப்பது விவசாயி கையில் இல்லை. 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்ட பருவங்களையும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். விலை எப்படியோ போகட்டும். விதையும் நாற்றும் மட்டும் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிற விஷயம். அதையும் பலர் வெளியே விட்டுவிட்டார்கள்.

தக்காளியில் பெரிய நஷ்டம் இலைச்சுருள் நச்சுயிரி நோயால்தான் வருகிறது. நட்டு இருபது நாள் ஆனதும் நுனி இலை சுருண்டு, செடி குட்டையாகி, பூ உதிரும். அப்போது மருந்துக் கடைக்கு ஓடிப் பயனில்லை. நச்சுயிரியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. செடி வளர்ந்து காய் பிடித்த பிறகு நோய் வந்தால் ஓரளவு மகசூல் மிஞ்சும். நாற்றாக இருக்கும்போதே தாக்கிவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. திறந்தவெளியில் வளர்ந்த நாற்றை வாங்கி நடும்போது நோயையும் சேர்த்து விலைக்கு வாங்குகிற ஆபத்து உண்டு. பார்வைக்கு நாற்று பச்சையாகத்தான் இருக்கும். ஆகவே முதல் 25 நாள் காவல்தான் தக்காளியில் பாதி விவசாயம். அந்தக் காவலை வீட்டு வாசலில் வைத்துச் செய்வது எளிது.

எவ்வளவு விதை வேண்டும் என்று முதலில் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். ரகங்களுக்கு 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளி விட்டால் பத்து சென்ட்டுக்குச் சுமார் 1,500 செடிகள். முளைக்காதது, அழுகுவது, கழிப்பது எல்லாம் சேர்த்து 2,000 விதைகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும் என்பதால் 7 கிராம் போதும். நன்கு திரண்ட நாட்டுப் பழம் ஒன்றில் நூறு விதைக்கு மேல் கிடைக்கும். அப்படியானால் இருபது பழம்! ஒரு நாள் சந்தைக்குப் போகிற கூடையில் ஒரு மூலைகூட இல்லை இது.

எந்தப் பழத்திலிருந்தும் எடுக்கலாமா என்றால், கூடாது. கலப்பின வீரிய ரகத்தின் பழத்தில் எடுத்த விதை முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால், தாய்ச்செடியின் குணம் சிதறிப்போகும். ஒரு செடி உயரமாகவும் ஒன்று குட்டையாகவும், ஒரு பழம் உருண்டையாகவும் ஒன்று நீளமாகவும் வரும். நோய் எதிர்ப்புத் திறனும் எல்லாச் செடியிலும் நிற்காது. இலைச்சுருளைத் தாங்கும் அர்க்கா ரக்‌ஷக் போன்றவை வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் விதையை வாங்கத்தான் வேண்டும். இலைச்சுருள் அதிகம் வரும் கோடைப் பட்டத்தில் அப்படி வாங்கி, நாற்றை மட்டும் வீட்டில் வளர்ப்பதும் நல்ல வழியே. நாட்டுத் தக்காளி, பி.கே.எம்.1, அர்க்கா விகாஸ் போன்ற ரகங்களில் இந்தத் தொல்லை இல்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிப்பதால் குணம் மாறாமல் வரும். பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 கூட, அன்னஞ்சி என்ற நாட்டு வகையிலிருந்து உருவாக்கப்பட்டதுதான். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் கொஞ்சம் தள்ளியிருக்கும் செடியில் எடுப்பது நல்லது. சான்று விதை உற்பத்திக்கே 25 மீட்டர் இடைவெளிதான் கேட்கிறார்கள்.

விதையைச் சேமித்தால் சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் அச்சிட்ட பையில் போட்டு விற்பதுதான் கூடாது.

விதைக்குப் பழத்தைப் பார்ப்பதைவிடச் செடியைப் பார்க்க வேண்டும். சுருளோ தேமலோ இல்லாமல், வாடாமல் நின்று, கொத்துக்கொத்தாகக் காய்த்த செடிகளில் துணிக்கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பறிப்பு அவசரத்தில் நல்ல பழம் எல்லாம் சந்தைக்குப் போய், கடைசிப் பறிப்பில் மிஞ்சிய சோதாப் பழம்தான் விதைக்கு வரும். செடியிலேயே நன்றாகச் சிவந்து, தொட்டால் அமுங்குகிற பக்குவத்தில் பறிக்கலாம்.

பழத்தைக் குறுக்கே அரிந்து, விதையைச் சாற்றோடு ஒரு மண் சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ பிழிந்து, துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கக்கூடியது. புளித்தால்தான் அது கரையும். நம் ஊர் வெயிலுக்கு ஒன்று, ஒன்றரை நாளில் நுரைத்து, மேலே வெண்படலம் கட்டிவிடும். குளிர்ந்த நாட்களில் இரண்டு நாள் ஆகலாம். அதற்கு மேல் விட்டால் விதை சட்டியிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். மிதப்பதை வடித்துவிட்டு, நான்கைந்து முறை அலசி, தட்டிலோ மெல்லிய துணியிலோ பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உரிக்க முடியாது. நன்றாகக் காய்ந்த விதை கையில் அள்ளினால் சலசலவென உதிரும். சாம்பல் கலந்து மூடி இறுக்கமான டப்பாவில், ரகம், மாதம் எழுதி வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பழுதில்லை.

விதைக்கும் முன் ஒரு சோதனை. 50 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். தக்காளிக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவிகிதம். 35-க்கு மேல் முளைத்தால் நம் விதை தேறிவிட்டது.

பத்து சென்ட்டுக்கு ஒரு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளத்தில் ஒரு மேட்டுப்பாத்தி போதும். தரையிலிருந்து 15 செ.மீ. உயரம் இருக்கட்டும். முன்பு தக்காளி, கத்திரி, மிளகாய் நின்ற இடத்தைத் தவிர்க்க வேண்டும். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து தூவிக் கொத்திவிடலாம். இடமில்லாதவர்கள் குழித்தட்டிலோ, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியிலோ வளர்க்கலாம். ஆனால், மட்காத தென்னைநார்க்கழிவை அப்படியே போட்டால் நாற்று மஞ்சளாகும். விதை நேர்த்திக்கு ஒரு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பது கணக்கு. கையிலிருப்பது 7 கிராம் என்பதால் ஒரு சிட்டிகை எடுத்துப் பிசறினால் சரி.

10 செ.மீ. இடைவெளியில் கோடு கிழித்து, அரை செ.மீ. ஆழத்தில் கலக்கமாகத் தூவி, மெல்ல மண் மூடி, மேலே வைக்கோல் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து முளை தெரியும். அன்றைக்கே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்வது ஏன் என்பது பலரும் கேட்கும் கேள்வி. வைக்கோலை எடுக்கத் தாமதித்தது, மரநிழலில் பாத்தி போட்டது, நெருக்கமாக விதைத்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

வலையைப் போட வேண்டியது விதைத்த அன்றே. பச்சை நிழல்வலை கட்டிவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயிலைத்தான் குறைக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை ஈ அதன் கண் வழியே தாராளமாகப் போய்வரும். 40 மெஷ் நைலான் வலை வேண்டும். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து ஊன்றி, வலையைப் போர்த்தி, நான்கு பக்கமும் விளிம்பை மண்ணில் புதைத்துவிட வேண்டும். தண்ணீரை வலைக்கு மேலேயே தெளிக்கலாம். களை எடுக்கத் திறந்தால் உடனே மூட வேண்டும். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டட்டை தொங்கினால், ஈ நுழைந்ததா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் அதிகமானால் நாற்றழுகல் வரும். நேற்று நின்ற நாற்று இன்று தரையோரம் நைந்து சாய்ந்து கிடக்கும். அந்த இடத்து நாற்றையும் மண்ணையும் அள்ளி அகற்றிவிட்டு, லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து சுற்றிலும் ஊற்றினால் பரவாமல் நிற்கும். இன்னொன்று: பீடி, புகையிலை தொட்ட கையோடு நாற்றைத் தொடக் கூடாது. தேமல் நச்சுயிரி அப்படியும் வரும். சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும்.

காய்ப்புழுவுக்குப் பொறிப்பயிராகச் செண்டுமல்லி வைப்பவர்கள் அதைத் தக்காளிக்கு 15 நாள் முன்பே விதைத்துவிட வேண்டும். 25 நாள் தக்காளி நாற்றும் 40 நாள் செண்டுமல்லி நாற்றும் ஒரே நாளில் நட்டால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி.

நடுவதற்கு நான்கைந்து நாள் முன்பு தண்ணீரைக் குறைத்தால் தண்டு உரப்படும். நடுகிற அன்று பாத்தியை நன்றாக நனைத்து, வேர் அறாமல் எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் அரை மணி நேரம் வேரை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு நடலாம். நீண்டுபோன நாற்றைக் கொஞ்சம் ஆழமாக நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். இலை சுருண்டது ஒன்றிரண்டு இருந்தால் தயவு பார்க்காமல் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். நூறு நாற்றுகளை வலைக்குள்ளேயே விட்டுவைத்தால் ஒரு வாரத்துக்குள் போக்கிடம் நிரப்ப உதவும்.