அஞ்சடியில் நடக்க வழி விடுங்கள்

சிங்கப்பூரில் வீராசாமி ரோடு ஜாலான் புசாரைத் தொடும் பக்கத்தில் தூணோரமாக ஒரு காகிதப்பூத் தொட்டி. கிளைகள் முகத்தளவுக்கு நீண்டு, முள்ளோடு அஞ்சடியை மறித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் சுவரோரம் பெட்டிகள். ஊன்றுகோலோடு வந்த ஒரு பாட்டி சற்று நின்று பார்த்தார். பிறகு சாக்கடைத் திண்டிலிருந்து மெல்லச் சாலையில் இறங்கினார். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது.

இந்த வழக்குக்கு வயது இருநூறு. கடைவீடுகளின் முன்னால் மக்கள் நடக்கத் தொடர்ச்சியான கூரைப் பாதை, அதாவது இந்த அஞ்சடி, விடவேண்டும் என்று 1822-லேயே பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் உத்தரவிட்டார். வெயிலுக்கும் மழைக்கும் அதுவே அடைக்கலம். 1888 பிப்ரவரியில் நகராட்சி அந்தப் பாதைகளைக் காலி செய்யப் போனபோது கடைகள் அடைக்கப்பட்டன, கற்கள் பறந்தன. கடைசியில் ஆள் நடக்க இடம் விட்டால் போதும் என்று சமரசமானது. அந்த இடத்தைத்தான் இன்றும் கேட்கிறோம்.

செடி இருந்தால்தான் தெரு குளுமையாக இருக்கும் என்பார்கள். இருக்கட்டும், சுவரோரமாக இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். மாடி விளிம்பில் பறவை போட்ட விதை ஆலங்கன்றாக முளைத்தால் இன்னும் மோசம். வேர் விரிசலுக்குள் இறங்கிச் சுவரைப் பிளக்கும், காரை பெயர்ந்து கீழே நடப்பவர் தலையில் விழும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

எனக்கு உறுத்துவது முதியவர்கள் நிலைதான். 2030-க்குள் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார். அஞ்சடியிலோ கடைக்குக் கடை தரை ஏறி இறங்குகிறது. அதிலே கிளையும் தொட்டியும் சேர்ந்தால் சக்கர நாற்காலிக்காரருக்கு வழியே இல்லை. பார்வையற்றவர் கோல் தரையைத்தான் தடவும், முகத்துக்கு நேரே நீண்ட முள்ளை அது காட்டிக்கொடுக்காது. நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்ட 2019 நவம்பர் 5 முதல் தடை வந்தது. பாய்ந்து வரும் ஆபத்துக்குப் பதறிய நாம், அசையாமல் நிற்கும் ஆபத்தைக் கண்டுகொள்வதில்லை.

கடைக்கார அண்ணன்மாரே, அக்காமாரே, இன்று கடை அடைக்கும்முன் ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். முகத்தில் படும் கிளையைக் கழித்துவிடுங்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் அளவுக்குத் தொட்டியை நகர்த்தி வையுங்கள்.