பழைய சேலையிலிருந்து ஒரு போர்வை

வீட்டை விட்டுப் புறப்படும்போது கையோடு கொண்டுவந்த துணிகள் சில வருடங்களில் உடுத்த முடியாதவையாகி விடுகின்றன. ஆனால் ஒரு துணி முழுவதும் ஒரே நேரத்தில் நைந்து போவதில்லை. சாரத்தின் நடுப்பகுதி இற்றுப்போனாலும் கரைப்பக்கம் உறுதியாக இருக்கும். அத்தகைய துண்டுகளைப் பொருத்திப் பிள்ளைக்கு ஒரு போர்வை தைக்கலாம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் உள்ள ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பின உழவர் குடும்பங்கள் இவ்வாறே செய்தன. 1932இல் கடனுக்காக அவர்களின் கால்நடைகளும் கருவிகளும் தானியமும் பறிக்கப்பட்டன. பழைய வேலையுடுப்புகளில் தைத்த போர்வைகளே அவர்களுக்குக் குளிர்காப்பு. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ஒரு தையல் கூட்டுறவை அமைத்தனர். பின்னர் அக்கூட்டுறவு நிலம் வாங்கி, வாக்காளராகப் பதிந்ததற்காகக் குடியிருப்பை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் காணித்துண்டுகளை விற்றது. 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அவர்கள் விரும்பித் தைத்த ‘வீட்டுக்கூரை’ என்ற அமைப்பு மிக எளியது: நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சட்டம்போல நான்கு பட்டிகள். முதன்முதலாகத் தைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

துணி: பருத்தித் துணியே நல்லது. முதலில் துவைத்துக் காயவிடுங்கள். சாயம் போகும் துணியை விலக்குங்கள். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை விட்ட இடங்களை ஒதுக்குங்கள்.

வெட்டுதல்: நடுச்சதுரம் 5 அங்குலம். 2½ அங்குல அகலத்தில் நான்கு பட்டிகள். அவற்றுள் இரண்டு 5 அங்குல நீளம், இரண்டு 9 அங்குல நீளம். தடித்த மட்டையில் இந்த மூன்று அளவுகளையும் வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாத் துண்டுகளும் ஒத்திருக்கும். பட்டிகளை இழையோட்டத்தின்படி நேராக வெட்டுங்கள். சரிவாக வெட்டினால் இழுபட்டுக் கோணலாகும்.

தைத்தல்: நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே முகம் பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து ¼ அங்குலம் விட்டுத் தையுங்கள். முதலில் இடமும் வலமும் குறுகிய பட்டிகள். தையலை ஒரு பக்கமாக மடித்து அழுத்துங்கள். இப்போது அகலம் 9 அங்குலம் இருக்க வேண்டும். அளந்து பார்த்த பின்னரே மேலும் கீழும் நீண்ட பட்டிகளைத் தையுங்கள். முடிவில் 9 அங்குலச் சதுரம் கிடைக்கும். கையால் தைப்பவர்கள் சிறு ஓட்டுத் தையலிட்டு, நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னே குத்தி எடுத்தால் பிரியாது.

போர்வையாக்குதல்: குறுக்கே 4, நெடுக்கே 5 என 20 சதுரங்களை இணைத்தால் 34½ அங்குல அகலமும் 43 அங்குல நீளமும் வரும். பின்புறத்துக்கு நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலான பழைய சேலைத் துணியை விரியுங்கள். நடுவே ஒரு பழைய விரிப்பை வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையலிடுங்கள். மிஞ்சிய பின்துணியை முன்பக்கம் இருமுறை மடித்துத் தைத்தால் ஓரமும் முடிந்துவிடும்.

நாளுக்கு ஒரு சதுரம் தைத்தால் 20 நாளில் மேற்பகுதிக்கான சதுரங்கள் தயார். ஒரே மட்டையைக் கைமாற்றிக்கொண்டால் 20 பெண்கள் ஒரே நாளில் அவற்றைத் தைத்துவிடலாம். முதற் போர்வை எந்தக் குழந்தைக்கு என்பதைத் தைக்குமுன்னரே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.