ஒரு புட்டி தலை எண்ணெய் கல்கத்தாவையே காப்பாற்றியது, தெரியுமா?

பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, “உலகம் அழியற மாதிரி கதை ஒண்ணு சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்று பதில் வரும். சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வந்த நாவல்; கதாநாயகி காட்னிஸுக்கு வயது பதினாறு. அடுத்து ‘டைவர்ஜென்ட்’ என்பார்கள். அதை எழுதிய வெரோனிகா ராத் கல்லூரி மாணவியாக இருந்தபோதே எழுதி முடித்துவிட்டார். 2011-இல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு 22 வயதுதான்! உலகத்தின் முடிவும் அதன் எதிரே நிற்கும் விடலைப் பருவமும் அமெரிக்காவில் கிளம்பிய அலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பிரளயக் கதை கல்கத்தாவில் 1896-லேயே எழுதப்பட்டுவிட்டது, தெரியுமா? எழுதியவர் யார் என்று தெரிந்தால் இன்னும் அசந்துபோவீர்கள். தாவரங்களின் துடிப்பை உலகத்துக்குக் காட்டிய, கம்பியில்லாமல் அலைகளை அனுப்பி மணியடிக்கச் செய்த ஜகதீஷ் சந்திர போஸ்!

பின்னணியில் இருப்பது ஒரு தலை எண்ணெய்க் கம்பெனி. ஹேமேந்திர மோகன் போஸ் என்ற வியாபாரி ‘குந்தலீன்’ என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்து விற்றுவந்தார். அவர் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் எங்காவது குந்தலீன் வரவேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரித் தெரியக்கூடாது. நிபந்தனை அவ்வளவுதான். பரிசை வென்ற கதை ‘நிருத்தேஷேர் காஹினி’. கல்கத்தாவை நோக்கி ஒரு பெரும் புயல் வருகிறது என்று அறிவிப்பு வருகிறது. ஊரே நடுங்கிக் காத்திருக்கிறது. புயல் வரவே இல்லை! வானிலை அறிஞர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? காய்ச்சலில் முடி கொட்டிப்போன ஒருவர், உடம்பு தேறக் கப்பலேறிச் சிலோனுக்குப் போகிறார் (ஆமாம், நம்ம இலங்கைக்குத்தான்!). நடுக்கடலில் புயல். கப்பல் மூழ்கப்போகிறது. அப்போது, மகள் பெட்டியில் வைத்துக் கொடுத்த தைலப் புட்டி அவர் ஞாபகத்துக்கு வருகிறது. அதைத் திறந்து கடலில் வீசுகிறார். எண்ணெய் பரவுகிறது, அலைகள் அடங்குகின்றன, புயல் ஓய்கிறது, ஒரு மாநகரம் பிழைக்கிறது.

இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலைகள் தணியும் என்பது பரிசோதித்து அறிந்த உண்மை. பெஞ்சமின் பிராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் குளம் ஒன்றில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்திருக்கிறார். குளத்துக்குச் சரியாக இருந்ததை வங்காள விரிகுடாவுக்கு நீட்டிப் பார்த்ததுதான் போஸின் கற்பனை. 1921-இல் அந்தக் கதையைத் திருத்தி ‘பலாதக் தூஃபான்’ என்ற பெயரில் தன் ‘அவ்யக்த’ தொகுப்பில் சேர்த்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தச் சின்னப் பெண். நகரத்தைக் காப்பாற்றிய எண்ணெயைப் பெட்டியில் வைத்தவள் அவள்தானே!

சரி, அழிவைக் கற்பனை செய்யப் போஸ் புயலை ஏன் எடுத்தார்? கல்கத்தாக்காரர்களுக்குப் புயல் என்பது வீட்டுப் பெரியவர்கள் நேரில் கண்டு சொன்ன அனுபவம். 1864 அக்டோபர் 5-ஆம் தேதி அடித்த புயலில் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். அந்தப் பேரழிவும் அடுத்து வந்த பஞ்சங்களும் உலுக்கியெடுத்த பிறகுதான், 1875-இல் இந்திய வானிலைத் துறையே பிறந்தது, தெரியுமா? அதற்கும் முன்னால் ஹென்றி பிடிங்டன் என்று ஒரு மனிதர் இருந்தார். ‘சைக்ளோன்’ என்ற பெயரையே உலகத்துக்குக் கொடுத்தவர். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு கப்பல்களின் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சுழன்றடிக்கும் காற்றின் போக்கைக் கண்டுபிடித்தவர். மாத்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், 1853-இல் டல்ஹௌசி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். வேண்டாம், ஒரு நாள் கடல் அதை விழுங்கிவிடும் என்று எச்சரித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858-இல் இறந்துபோனார். 1867-இல் புயல் வந்து துறைமுகத்தைச் சிதைத்துப் போட்டது! எச்சரித்தவரின் பேச்சை எவரும் கேட்காத கட்டம் இல்லாமல் இன்றைய பிரளய நாவல் ஒன்றுகூட வருவதில்லை. பிடிங்டன் அதை நிஜத்திலேயே அனுபவித்துவிட்டார்.

இப்போது சென்னைக்கு வருவோம். பேகம் ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ முதலில் எங்கே அச்சானது தெரியுமா? மதராஸில்! கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில், 1905-இல். அதில் ஒரு நாடு எதிரியிடம் தோற்று அழியும் நிலைக்கு வருகிறது. பதினாறு வயதுப் பையன்களைக்கூட விட்டுவைக்காமல் போருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆளே இல்லை என்ற கட்டத்தில், ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தின் தலைவி இரண்டாயிரம் மாணவிகளை அழைத்துக்கொண்டு போர்க்களத்துக்குப் போகிறார். துப்பாக்கி கிடையாது. வெயிலைக் குவித்து எதிரிமேல் பாய்ச்சுகிறார்கள். எதிரி ஓட்டம்! காட்னிஸ் அம்பெடுப்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே மாணவிகள் படை ஒன்று சூரியனைக் கையில் எடுத்துவிட்டது. கதையோடு ரொக்கையா நிற்கவில்லை. 1911-இல் கல்கத்தாவில் எட்டே மாணவிகளோடு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி இன்றும் நடக்கிறது.

பருவ வயதுப் பிள்ளைகளுக்கென்றே வங்காளத்தில் பத்திரிகைகள் வரிசைகட்டி நின்றன: 1913-இல் ‘சந்தேஷ்’, 1920-இல் ‘மௌசாக்’, 1948-இல் ‘சுக்தாரா’, 1968-இல் ‘கிஷோர் பாரதி’. துர்கா பூஜைக்கு வரும் தடித்தடியான சிறுவர் மலர்கள் தனி. உலகம் அழிவது இவற்றில் ஏறக்குறைய வாடிக்கை. இந்தக் கலையில் மன்னர் பிரேமேந்திர மித்ரா. 1930-களை ஒட்டி அவர் எழுதிய ‘பிப்ரே புராண்’ கதையில் தென் அமெரிக்காவிலிருந்து ராட்சத எறும்புகள் கிளம்பி மனித இனத்தையே விரட்டியடிக்கின்றன. ‘மனு த்வாதஷ்’ நாவலில் அணுப்போர் முடிந்துவிட்டது; எஞ்சியிருப்பவை சில சிறு மனிதக் கூட்டங்கள்தான். மனித குலத்தை மறுபடி தொடங்கிவைக்கும் ஆதி மனிதன், பன்னிரண்டாவது மனு, எங்கிருந்து வருவான் என்பதே கேள்வி.

கனாதாவைத் தெரியுமா? மித்ரா படைத்த மகா அளப்புக்காரர். 72, பனமாலி நஸ்கர் சந்து என்ற விலாசத்தில் ஒரு மெஸ். அதில் குடியிருக்கும் வாலிபர்கள் சிகரெட்டும் தின்பண்டமும் கொடுத்துக் கதை கேட்பார்கள். முதல் கதை ‘மஷா’, அதாவது கொசு. வந்த வருஷம் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே 1945. சக்காலின் தீவில் நிஷிமாரா என்ற விஞ்ஞானி, கடித்தால் ஆளைக் கொல்லும் கொசுவை உருவாக்குகிறான். அது பெருகினால் பூமியில் மனிதனே மிஞ்சமாட்டான். கனாதா அந்தக் கொசுவை ஒரே அறையில் தீர்க்கிறார்! எண்ணெய்ப் புட்டி, வெயில், உள்ளங்கை. கல்கத்தா எழுத்தாளர்கள் பேரழிவுக்கு எதிராகப் பீரங்கியை நம்பவே இல்லை பாருங்கள்.

கொசு, நோய் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. இருண்டு கிடந்த அந்தக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்ட 18 வயதுப் பெண் ஒருத்தி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுத ஆரம்பித்தாள். மேரி ஷெல்லி! அதே எரிமலை வங்காளத்துப் பருவமழையைக் குலைத்தது என்றும், 1817-இல் ஜெசூரில் வெடித்து உலகைச் சுற்றிய காலராவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றும் கிலன் டார்சி வுட் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். 1826-இல் மேரி ஷெல்லி எழுதிய ‘தி லாஸ்ட் மேன்’ நாவலில் ஒரு கொள்ளைநோய் மனித இனத்தையே துடைத்தெடுக்கிறது. ஒரு மலை வெடித்ததற்கு எத்தனை நீளமான கை!

1960-களில் இந்த மோகம் உச்சத்துக்குப் போனது. அத்ரீஷ் பர்தன் 1963-இல் ‘ஆஷ்சர்ய’ என்று அறிவியல் புனைகதைகளுக்கே தனிப் பத்திரிகை தொடங்கினார். 1966-இல் கல்கத்தாவில் அறிவியல் புனைகதைப் படங்களுக்கென்றே ஒரு சினிமா கிளப். தலைவர் சத்யஜித் ரே, துணைத் தலைவர் பிரேமேந்திர மித்ரா! அதே வருஷம் கல்கத்தா வானொலியில் ‘சபுஜ் மானுஷ்’, பச்சை மனிதர்கள், என்ற கதையை ரே, மித்ரா, பர்தன், திலீப் ராய்சௌத்ரி நான்கு பேரும் ஆளுக்கொரு பகுதியாக எழுதினார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தச் சிறுவர் பத்திரிகைக் கதைகளில் உலகத்தைக் காப்பவர்கள் பெரும்பாலும் ‘தாதா’க்கள், அதாவது அண்ணன்மார். பையன்கள் வாயைப் பிளந்து கேட்பவர்கள். ஆனால் நிஜ கல்கத்தாவில் உலகம் இடிந்து விழுந்தபோது எதிரே நின்றவன் ஒரு பதின்வயதுப் பையன்.

சுகாந்த பட்டாச்சார்யா. பிறந்தது 1926 ஆகஸ்ட் 15, காளிகாட்டில். 1942 டிசம்பர் 20-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாமேல் முதல் குண்டுகளைப் போட்டபோது அவனுக்குப் பதினாறு. அடுத்த வருஷம் பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். கிராமங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் கல்கத்தா வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். சாக்கடையில் கொட்டப்போகும் அந்தக் கஞ்சிக்காகத் தகரக் குவளையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதே தெருக்களில்தான் சுகாந்த வளர்ந்தான். தன் வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ‘கிஷோர் பாஹினி’ என்ற சிறுவர் படையை அமைக்க ஓடியாடினான். 1944-இல் ‘அகால்’ என்ற பெயரில் பஞ்சத்தைப் பற்றிய கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டான். பிறகு ‘ஸ்வாதீனதா’ நாளிதழில் சிறுவர் பகுதிக்கு ஆசிரியர். அதற்குள் காசநோய் பிடித்துக்கொண்டது. 1947 மே 13-ஆம் தேதி, ஜாதவ்பூர் மருத்துவமனையில், இருபது வயதில் போய்விட்டான். இன்னும் மூன்றே மாதம் இருந்திருந்தால்? அவனுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாளும் இந்தியாவின் முதல் சுதந்திர தினமும் ஒரே நாள்! இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு முடிவை எழுதத் துணியமாட்டார். அவன் இறந்த பிறகு வந்த ‘சாட்பத்ர’ கவிதைத் தொகுப்பை வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

நம்முடைய காலத்துக்கு வந்தால் பிள்ளைகளே கதைக்குள் இறங்கிவிட்டார்கள். மைனாக் தார் 2011-இல் தானே வெளியிட்ட ‘ஆலிஸ் இன் டெட்லேண்ட்’ நாவலில் டில்லி பிணங்கள் நடமாடும் பாழ்நிலம். அதில் துப்பாக்கியோடு வளர்ந்த ஆலிஸுக்கு வயது பதினைந்து. பிஜல் வச்சராஜானியின் ‘எ கிளவுட் கால்ட் பூரா’வில் மும்பை வானத்தைப் பழுப்பு மேகம் ஒன்று அடைத்துக்கொள்கிறது; பள்ளிப் பிள்ளைகள் வழி தேடுகிறார்கள். நம்ம சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் 2021-ஐ நினைத்து நடுங்கவைத்தாரே, அதில் வரும் நிலா என்ற பெண்ணையும் இயந்திர நாய் ஜீனோவையும் இந்த வரிசையில் தாராளமாகச் சேர்க்கலாம்.

கல்கத்தாவோ மறுபடியும் தண்ணீருக்கே திரும்பியிருக்கிறது. 2020 மே 20-இல் அம்பன் புயல் அடித்த மறுநாள், காலேஜ் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. பாடப் புத்தகம், கதைப் புத்தகம், பழைய புத்தகம் எல்லாம் ஊறி உப்பிக் கிடந்தன; கடைக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கினார்கள். தெற்கே சுந்தரவனத்தில் லோஹாசரா தீவு ஏற்கெனவே மூழ்கிவிட்டது. கோராமாரா கரைந்துகொண்டே இருக்கிறது. அங்கே பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு உலக முடிவு என்பது போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாத வயல். கல்கத்தாவில் பிறந்த மேகா மஜும்தாரின் ‘எ கார்டியன் அண்ட் எ தீஃப்’ 2025-இல் வந்தது. வெள்ளமும் பஞ்சமும் சூழ்ந்த நாளைய கொல்கத்தா. அமெரிக்கா புறப்பட ஏழே நாள் இருக்கும் ஒரு குடும்பம். அவர்களுடைய பாஸ்போர்ட் திருடுபோகிறது. திருடியவனும் தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தவிப்பவன். இந்த நாவலைப் படிக்கும்போது 1943 மீண்டும் வாசலில் வந்து நிற்கிறது.

இந்த வங்காளக் கதைகள் தமிழுக்கு வரவேண்டாமா? த.நா. குமாரசாமியும் த.நா. சேனாபதியும் மொழிபெயர்ப்புகளால் வங்காளத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தார்கள். சு. கிருஷ்ணமூர்த்தி கல்கத்தாவிலேயே இருந்து ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்ற வங்காள நாவலைத் தமிழில் தந்தார். கனாதாவின் கதைகள் அம்லான் தாஸ்குப்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வங்காளம் தெரிந்த தமிழர் யாராவது உட்கார்ந்தால், பிரேமேந்திர மித்ராவை மூலத்திலிருந்தே நேராகக் கொண்டுவந்துவிடலாம். முதலில் எறும்புகள் வரட்டும். கொசு அடுத்த தொகுதியில்!